ஆபீஸ் நேரத்து மலை

கீழத்தாழையூருக்கு மலை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அதற்கு முன்னால் அந்த ஊரில் மேடு என்று சொல்ல வரப்பு இருந்தது, வரப்பைவிட உசரமாக வாய்க்கால் கரை இருந்தது, கரையைவிட உசரமாகச் சுடுகாட்டுத் திடல் இருந்தது, அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் தென்னை மரம்தான் ஏற வேண்டும். மற்றபடி காவேரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடல்வரைக்கும் அப்பளம் மாதிரிப் பரந்து கிடந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அது அரை நாழிகை யோசிக்கும் என்று ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படி யோசித்து யோசித்துத் தேங்கிய தண்ணீரில் வருஷா வருஷம் பயிர் அழுகியதால்தான், அது வடிய ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டுமென்று அரசாங்கம் மாசி மாதத்தில் ஒரு விமானத்தை அனுப்பி, ஊரை மேலிருந்து வரிசையாகப் படம் எடுத்து, அந்தப் படங்களோடு இரண்டு பேரையும் அனுப்பி வைத்தது. ஒருவர் முகாம் அதிகாரி உத்திராபதி. ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி இருந்த, எந்தக் காகிதத்தையும் மூன்று தடவை படித்துவிட்டு நான்காம் தடவை கையெழுத்துப் போடுகிற மனிதர். இன்னொருத்தி வரைபடம் போடுகிற தையல்நாயகி. மாயவரத்துப் பக்கத்துப் பெண், முப்பத்திரண்டு வயது, தன் வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருப்பவள். கூட்டுறவு சங்கத்தின் பழைய கட்டடத்தில் கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் அவளுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள்.

அவள் வேலை பார்ப்பது, வெறுமனே பார்ப்பது. விமானம் ஒரே இடத்தைக் கொஞ்சம் தள்ளி இன்னொரு தடவையும் படம் பிடித்திருக்கும். அந்த இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நான்கு காலும் நான்கு கண்ணாடித் துண்டும் உள்ள ஒரு கருவியை அவற்றின் மேல் நிறுத்தி, இடக்கண்ணுக்கு இடப்படம் வலக்கண்ணுக்கு வலப்படம் என்று குனிந்து பார்த்தால், முதலில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். பிறகு இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நகரும். ஒன்றன்மேல் ஒன்று சரியாக வந்து உட்கார்ந்ததும் காகிதம் எழுந்து நிற்கும். தென்னங்கீற்று கண்ணைக் குத்த வரும், கிணறு பள்ளமாக இறங்கும், வரப்பு மதில்போல் தெரியும். பார்த்ததை அவள் பழுப்பு மையில் கோடாக இழுப்பாள், ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் ஒரே கோட்டில் கோத்து. ஊர்க்காரர்கள் அந்தக் கருவிக்கு நாலுகால் கண்ணாடி என்றும் அவளுக்குப் படக்காரம்மா என்றும் பேர் வைத்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் ஊரின் கிழக்குப் பக்கத்துப் படங்களைப் போட்டாள். இடப்படம் இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு நெல்லளவு தள்ளி இருந்தது. குனிந்து பார்த்தபோது, பஞ்சாயத்துத் தலைவர் பக்கிரிசாமியின் களத்துத் திடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மலை எழுந்து நின்றது. கண் அசந்துவிட்டது என்று நினைத்துத் தலையை நிமிர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே, வைக்கோல் போரைத் தலையில் சுமந்துகொண்டு, அதே மலை நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, அடுப்பை அணைத்த பால்போல அது மெல்லத் தணிந்து திடலாகிவிட்டது. மறுபடி குனிந்தாள். களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் "ஏ, ஏ" என்று கத்துவது கேட்டது.

"சார், செத்த ஜன்னல் பக்கம் வாங்க. நான் கண்ணை எடுக்காம இருக்கேன், நீங்க வெளியில பாருங்க."

உத்திராபதி வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது நம்ம படத்துல இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"அப்ப நாமதான் பொறுப்பு" என்றார் அவர் வருத்தத்தோடு. "வரைபடத்துல மட்டும் போட்டுடாதே. மேல இருந்து கேப்பாங்க, பதில் சொல்லி மாளாது."

மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் அதன்மேல் ஏறி இறங்கிவிட்டது. முகாமுக்குச் சோறு கொண்டுவருகிறவள் அஞ்சலை. அவள்தான் அந்த ஊரில் நடவுக்குப் பெண்களைக் கூட்டிப்போகிறவள், நூல் பிடிக்காமலே நாற்று வரிசை கோணாமல் நடுகிறவள் என்று எட்டூருக்குப் பேர் வாங்கியவள். அன்றைக்குத் தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டு, "உச்சியில நின்னா கடலு தெரியுதுங்க. இத்தன வருசமா பக்கத்துலதான் இருந்திருக்கு, ஒரு வார்த்த சொல்லல" என்றாள், கடல்மேல் குறைபட்டுக்கொண்டு. தையல்நாயகி சோறு தின்ன எழுந்தாள். மலை இறங்கியது. ஆட்டுக்குட்டிகளைத் தேடிக்கொண்டு போனவர்கள் நடந்துகொண்டிருந்த சரிவு சமதரையாகிவிட, தடுமாறி நின்று, பிறகு சிரித்துக்கொண்டு நடந்தார்கள்.

ஒரு மாதத்தில் மலை எப்போது வரும், எப்போது போகும் என்பது எல்லோருக்கும் அத்துப்படியாகிவிட்டது. காலை பத்துமணிக்கு எழும். ஒன்று முதல் ஒன்றரை வரை சாப்பாட்டுக்காகப் படுக்கும். மாலை ஐந்தே காலுக்கு அடங்கும். ஞாயிற்றுக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களும் மலை கிடையாது. மற்ற இடங்களின் படங்களை அவள் பத்துக்கு முன்னாலும் ஐந்தேகாலுக்குப் பின்னாலும் பார்த்து வரைந்தாள், அவற்றுக்கு வெளியே எதுவும் எழவில்லை. ஆடுகள் பத்துமணிக்குத் தாமாகவே திடலோரம் வந்து வரிசையாக நின்றன. பெண்கள் மிளகாயும் வடகமும் மேற்குச் சரிவில் பரப்பினார்கள், காற்று அங்கே நன்றாக அடித்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து, ஐந்தேகாலுக்குள் தென்னை மட்டையில் எத்தனை தடவை சறுக்க முடியுமோ அத்தனை தடவை சறுக்கினார்கள். பக்கத்து ஊர் பஸ் கண்டக்டர்கள் "மலையடி எல்லாம் எறங்கு" என்று கூவத் தொடங்கினார்கள். உச்சியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிப் பத்துமணி அம்மன் என்று கும்பிட்டார்கள். விடியற்காலைப் பூசை செய்ய வழியில்லையே என்று பூசாரி முதலில் சங்கடப்பட்டார், பிறகு அம்மன் தாமதமாகத்தான் எழுந்திருப்பாள் என்று அவரே ஒரு கதை கட்டிக்கொண்டார். அம்மனுக்குத் திருவிழா என்று முடிவானபோது நல்ல நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தோடு அரசாங்க விடுமுறைப் பட்டியலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. காவேரியிலிருந்து வந்ததை எல்லாம் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்ட ஊர் அது.

தையல்நாயகிக்கும் அது சீக்கிரமே பழகிவிட்டது, பழக்கத்தோடு ஒரு மிதப்பும் வந்தது. பத்து வருஷம் காகிதத்தில் மட்டும் மலை எழுப்பியவள், இப்போது ஒரு ஊரே ஏறி நிற்கும் மலையைத் தன் இரண்டு கண்ணால் நிறுத்தி வைத்திருக்கிறாள். படங்களை இன்னும் ஒரு நெல்லளவு விலக்கினால் மலை இன்னும் ஒரு தென்னை உசரம் எழும் என்று கண்டுபிடித்தாள். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே வந்து, "இன்னுங் கொஞ்சம், படக்காரம்மா" என்பார்கள். விலக்குவாள். பக்கிரிசாமி வந்து, "பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்க, நல்லா எடுப்பா இருக்கட்டும்" என்பார். விலக்குவாள். இரண்டு கண்களும் வெளிப்பக்கமாக இழுபட, இரண்டு படங்களும் பிரிந்துவிடப் பார்க்க, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து வைப்பாள்.

முதலில் புருவத்துக்கு நடுவே ஒரு வலி வந்தது. பிறகு அது பின்மண்டைக்குப் போனது. சாயங்காலம் எழுந்து நடந்தால் தரை மிதந்தது, படித்த வரியையே திரும்பப் படித்தாள். ஆனி மாதம் ஒரு நாள் மாடத்தில் ஏற்றிய ஒரு விளக்கு அவளுக்கு இரண்டாகத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கண் பிரிந்துபோனவர்களை அவள் துறையில் பழைய காகிதக் கட்டுகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு மாற்றிவிடுவார்கள், அதன்பிறகு அவர்கள் வாழ்நாள் முழுவதும் எதுவும் எழுந்து நிற்காது.

சோறு வைக்க வந்த அஞ்சலைதான் ஒரு நாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "படக்காரம்மா, ஒங்க எடது கண்ணு தனியா வேலைக்குக் கெளம்பிடுச்சு" என்றாள்.

"என்ன சொல்றே?"

"வலது கண்ணு என்னயப் பாக்குது. எடது கண்ணு வாசலப் பாக்குது. நான் பொய் சொல்லல, கண்ணாடியில பாருங்க."

தையல்நாயகி கண்ணாடியில் பார்த்தாள். அன்று மத்தியானம் மலை எழவில்லை. ஆட்டுக்காரர்கள் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது படக்காரம்மா இரண்டு உள்ளங்கையையும் கண்மேல் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தன்மேலேயே கோபமாக வந்தது. பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது எதுவும் மறந்துபோகவில்லை, தெரிந்தேதான் மீறியிருந்தாள். படம் இரண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், ஒன்று மேலே ஒன்று கீழே என்று மயிரிழை தப்பினாலும் மண்டை இடிக்கும். வெளிச்சம் இரண்டு படத்திலும் ஒரே அளவு விழ வேண்டும். கண்ணுக்குக் கண் உள்ள இடைவெளியைவிடப் படத்தை விலக்கக் கூடாது, கண் வெளியே திரும்பப் பிறந்ததில்லை. முறைக்கக் கூடாது, இமைக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை தலையைத் தூக்கித் தொலைதூரப் பச்சையைப் பார்க்க வேண்டும்.

பத்து நாள் அவள் நாலுகால் கண்ணாடியைத் தொடவில்லை. பதினோராம் நாள் படங்களை அளந்து வைத்தாள், வரிசை பார்த்தாள், வெளிச்சத்தைத் திருத்தினாள், அவசரப்படாமல் குனிந்தாள். படங்கள் தாமாக வந்து சேர்ந்தன, பழகிய செருப்பில் கால் நுழைவது மாதிரி. வெளியே எழுந்தது பழைய மலையில் மூன்றில் ஒரு பங்கு உயரம்கூட இல்லை. ஆனால் அகலம் மூன்று பங்கு இருந்தது, சரிவு அத்தனை சாதுவாக இருந்தது. தொலைவில் பார்க்கத் தலையைத் தூக்கியபோது இன்னொன்றும் தெரிந்துகொண்டாள். கண்ணை எடுத்த பிறகும் நிதானமாகப் பதினைந்து எண்ணுகிற வரைக்கும் இந்த மலை அசையாமல் நிற்கிறது. உயரமான மலை மூன்று எண்ணுவதற்குள் சரிந்துவிடும்.

மறுநாளே பக்கிரிசாமி வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் தகரத்தில் எழுதிய பெயர்ப்பலகை. உச்சியில் நடுவதற்காக நாகப்பட்டினத்தில் சொல்லி எழுதி வாங்கியிருந்தார்.

"என்னம்மா இது? மலைன்னு சொல்லி ஊரையெல்லாம் கூப்பிட்டு வச்சிருக்கேன், நீங்க எருமை படுத்த மாதிரி ஒண்ணை எழுப்பி வச்சிருக்கீங்க."

"கண்ணு நோவாம எவ்வளவு பாக்க முடியுமோ அவ்வளவுதாங்க மலை. அதுக்கு மேல எழுப்புனா அது என் தலைவலி, மலை இல்ல."

"அரசாங்கச் சம்பளம் வாங்குறீங்கல்ல?"

"படம் வரையறதுக்கு வாங்குறேன். மலை இனாமுங்க" என்று சொல்லிவிட்டுத் தையல்நாயகி குனிந்துகொண்டாள். பக்கிரிசாமி பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். கோபம் அவருக்கு ஐப்பசிவரை ஆறவில்லை. அவள் கண் இரண்டும் ஆவணிக்குள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன, மாடத்து விளக்கு ஒன்றானது.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் விடியலில் மேற்கே ஆற்றங்கரை உடைந்துவிட்டது என்று ஆள் ஓடிவந்து சொன்னான். கொஞ்ச நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் பின்னோக்கி வந்தது, வயல் தெரியாமல் போனது, கீழத்தெருக் குடிசைகளின் மண்சுவர்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்தன. ரோடு போய்விட்டது. ஊர் மொத்தமும் கூட்டுறவுக் கட்டடத்து வாசலில் வந்து நின்றது, முந்நூற்றுச் சொச்சம் பேர், மாடு, ஆடு, கோழி, அரிசி மூட்டை, கைக்குழந்தை. அத்தனை பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

தையல்நாயகி தன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். முக்கால்வாசி முடிந்த படம். ஒவ்வொரு பழுப்புக் கோட்டிலும் விரலை வைத்துத் தண்ணீரோடு தானும் நடந்தாள். எங்கே நிரம்பும், எங்கே யோசிக்கும், எந்த இடத்தில் கிழக்கு ரோட்டைத் தாண்டி உப்பங்கழியில் விழும். பிறகு வெளியே வந்து உரக்கச் சொன்னாள்:

"தண்ணி பள்ளிக்கூடத்து ஜன்னல் கட்டைவரைக்கும் வரும். அதுக்கு மேல வராது, கிழக்கால வழிஞ்சு போயிடும். ஒரு ஆள் உசரம் மேடு இருந்தாப் போதும். எல்லாரும் திடலுக்கு நடங்க. மேசையத் தூக்கிக்கிட்டு வாங்க, தார்ப்பாயும் எடுத்துக்குங்க, படத்துல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது."

முழங்கால் தண்ணீரில் மேசையைத் திடலின் நடுவில் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, படங்களை நேர்ப்படுத்தி, அவள் குனிந்தாள். எழுந்தது மேடு, முந்நூறு பேரோடும் மாடுகளோடும், மேசையோடும் அவளோடும். தண்ணீர் எல்லாப் பக்கமும் வழிந்து இறங்கி, சுற்றி வளைத்துக்கொண்டு நின்றது. உத்திராபதி குடையை விரித்து அவள் பின்னால் பிடித்தபடி மெல்லச் சொன்னார், "இது ஆபீஸ் நேரத்துல முடியிற காரியம் இல்லம்மா."

"தெரியும் சார். மூணு நாளாவது ஆகும். ஒருத்தி கண்ணால மட்டும் முடியாது. ஆள் வேணும். முதல்ல நீங்க வந்து பாருங்க."

உத்திராபதி குடையை மடக்கினார், திரும்ப விரித்தார். மழைச் சத்தத்தில் அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "எனக்குப் பன்னெண்டு வருஷமா எதுவும் எழுந்திருக்கலம்மா. காகிதம் காகிதமாத்தான் தெரியுது. ஒன்னை நம்பித்தான் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றார்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. "சரி சார். அப்ப நீங்க எண்ணுங்க. ஆள் மாறுறப்பல்லாம் பதினஞ்சு. ஒரே நிதானமா எண்ணணும், ஊருக்கே கேக்கணும்."

ஆள் தேடினார்கள். ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். பாதிப் பேருக்கு எல்லாம் இரண்டாகவே நின்றது. சிலர் முறைத்து முறைத்துக் கண் சிவந்து எழுந்தார்கள். அஞ்சலை வந்தாள். அவள் கண்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், கண்ணாடித் துண்டுகளை அவளுக்காக அரை விரல் நகர்த்த வேண்டியிருந்தது.

"பிடிச்சு இழுக்காதே அஞ்சலை. காகிதத்தப் பாக்காதே, அதுக்கு அப்பால, காகிதத்துக்கு அடியில ஏதோ தூரத்துல இருக்குற மாதிரி பாரு. கண்ணத் தளர விடு."

"நடவுல முன்னாடி நட்ட வரிசையப் பாத்தா கோணிடும், எதிர்க்கரையப் பாத்தா நேரா வரும். அந்த மாதிரியா?"

"அதேதான்."

அஞ்சலை குனிந்தபடியே சிரித்தாள். "வந்துடுச்சு. எங்கூட்டுக் கூரை மூஞ்சில இடிக்குது."

அவளோடு சேர்த்து ஏழு பேர் தேறினார்கள். சலூன் வைத்திருந்த காசிநாதன் ஒருவன், மற்றவர்கள் நடவுப் பெண்கள். ஆளுக்குக் கால் மணி. உத்திராபதி கணீரென்று எண்ணுவார், எட்டு எண்ணுவதற்குள் ஒருவர் எழுந்து இன்னொருவர் குனிந்திருப்பார், பன்னிரண்டில் படம் சேர்ந்திருக்கும். எழுந்தவர் யாரோடும் பேசாமல் மேட்டின் ஓரத்துக்குப் போய், தண்ணீருக்கு அப்பால் தெரிந்த பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு நின்று, உள்ளங்கையைக் கண்ணில் பொத்திக்கொண்டு அடுத்த முறைக்குக் காத்திருப்பார். இருட்டிய பிறகு பெட்ரோமாக்ஸ் இரண்டை மேசையின் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் அடியளந்து வைத்தார்கள். ஊரே அந்த ஒழுங்கில் மூச்சுவிட்டது.

இரண்டாம் நாள் காலை தண்ணீர் மளமளவென்று ஏறியது. மேட்டின் விளிம்பில் நின்ற மாடுகளின் குளம்பை நக்கியது. கூட்டம் நடுவே நெருக்கியது. "ஏத்துங்க, இன்னுங் கொஞ்சம் ஏத்துங்க" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. கண்ணாடியில் அப்போது இருந்தவன் காசிநாதன், தையல்நாயகி விளிம்பில் நின்று பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் இரண்டு பேத்திகளையும் இரண்டு கையில் தூக்கி வைத்திருந்த பக்கிரிசாமி அவர்களை யாரிடமோ கொடுத்துவிட்டு மேசைக்குப் பாய்ந்தார், இடப்படத்தின் விளிம்பைப் பிடித்து ஒரு விரற்கடை இழுத்தார்.

மேடு எகிறியது. ஒரு தென்னை உசரம், இரண்டு தென்னை உசரம். ஒரு கணம் எல்லோரும் சந்தோஷத்தில் கூவினார்கள். ஆனால் மேலே போகப் போக அது ஒடுங்கியது, சரிவு செங்குத்தானது, அரிசி மூட்டைகள் உருண்டன, ஆடுகள் வழுக்கிக்கொண்டே போயின. காசிநாதன் ஐயோவென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் கொட்ட, மேசையோரம் வாந்தி எடுத்தான். கண் விலகியது. மேடு சரியத் தொடங்கியது.

"ஒண்ணு" என்றார் உத்திராபதி.

தையல்நாயகி தவழ்ந்துதான் வந்து சேர்ந்தாள். "ரெண்டு" எனும்போது பக்கிரிசாமியின் கையைப் படத்திலிருந்து எடுத்துவிட்டாள். "மூணு" எனும்போது படத்தை அதன் பழைய இடத்துக்குத் தள்ளினாள். அந்த இடம் அவள் விரலுக்குத் தெரியும். காலடியில் மண் ஓடிக்கொண்டிருந்தது, குழந்தைகள் அலறின. அவள் பல்லைக் கடிக்கவில்லை, முறைக்கவில்லை. இரண்டு தடவை இமைத்துவிட்டு, அவசரம் என்று ஒன்று உலகத்திலேயே இல்லாதவள் போலக் குனிந்தாள். படங்கள் இரண்டும் தயங்கி, நகர்ந்து, சேர்ந்தன. மேடு அகன்று, தாழ்ந்து, தண்ணீரிலிருந்து சரியாக ஒரு முழம் மேலே வந்து நின்றது. விழுந்தவர்கள் எழுந்தார்கள். ஆடுகளைக் காதைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். ஒரு மூட்டை அரிசியும் இரண்டு கோழியும்தான் போயின.

அவள் குனிந்தபடியே பேசினாள். "ஒசரமா நின்னா ஒரு மணி நேரம் நிக்கலாம். இப்பிடி நின்னா ஒரு வாரம் நிக்கலாம். தண்ணி இதுக்கு மேல நாலு விரல் ஏறும், அவ்வளவுதான். நான் அளந்திருக்கேன்."

தண்ணீர் ஏறியது. ஒரு விரல், இரண்டு விரல். மத்தியானத்துக்கு மூன்று விரல். முந்நூறு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நான்காவது விரலில் வந்து நின்று, அங்கேயே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கிழக்கே வழியத் தொடங்கியது. தூரத்தில் ரோட்டைத் தாண்டி அது கழியில் விழுகிற இரைச்சல் கேட்டது.

பக்கிரிசாமி மேசைப் பக்கம் வந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். "காசிக்கு இன்னும் தலை தூக்க முடியல. அவன் முறைய நான் பாக்கட்டுமா?"

"பாத்துக்குவீங்களா?"

"தெரியல. சொல்லிக்குடுங்க."

அவர் கண் நல்ல கண்ணாக இருந்தது. இரண்டாம் தடவையே படம் சேர்ந்துவிட்டது. பிறகு அவர் தோள் குலுங்கியது. "அம்மா, கண்ணுல தண்ணி வருது. மறைக்குது."

"வரட்டும். இமைச்சுக்கிட்டே பாருங்க. கண்ணு காயாம இருக்கும்" என்றாள் தையல்நாயகி.

நான்காம் நாள் தண்ணீர் வடிந்தது. மேட்டைச் சட்டென்று விடவில்லை. படங்களை மயிரிழை மயிரிழையாக நெருக்கி, தூளியில் தூங்கும் குழந்தையைத் தரையில் கிடத்துவதுபோல ஊரைச் சேற்றில் இறக்கி வைத்தார்கள். வடிகால் வரைபடம் தை மாதம் முடிந்தது, வாய்க்கால் வெட்ட ஆணையும் வந்தது, வெட்டுவதற்கு ஆள்தான் வரவில்லை. முகாம் கலைந்தது. நாலுகால் கண்ணாடியைப் பெட்டியில் பூட்டி அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். திடலின் இரண்டு படங்களில் ஈரம் ஏறி ஓரம் சுருண்டிருந்ததால், உபயோகமற்றவை என்று உத்திராபதி எழுதிக் கையெழுத்துப் போட்டார், ஒரே தடவை படித்துவிட்டு. தையல்நாயகி அவற்றை அஞ்சலையின் கையில் கொடுத்தாள்.

"கண்ணாடி இல்லாம இத வச்சு என்னங்க பண்றது?"

"எனக்கும் தெரியல. உங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

அடுத்த ஐப்பசியில் அவள் தஞ்சாவூரில் இருந்தாள். கிழக்கே மழை வலுத்திருக்கிறது, ஆறு கரை தாண்டிவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அன்று மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். பஸ் பாதி வழிதான் போனது. மீதியை ஒரு லாரியிலும், பிறகு ஒரு தோணியிலும் போனாள். மழை பிடித்த நாளிலிருந்து சரியாகத் தூங்காத கண்ணை இடுக்கிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தென்னந்தோப்பைத் தாண்டியதும் தோணிக்காரன் துடுப்பால் காட்டினான்.

மேடு நின்றது. அகலமாக, தாழ்வாக, தண்ணீரிலிருந்து ஒரு முழம் மேலே. அதன்மேல் அடுப்புப் புகைந்தது, மாடுகள் அசைபோட்டன, பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். நடுவில் தார்ப்பாயின் அடியில் ஒரு பள்ளிக்கூட மேசை. மேசைமேல் பூவரசங்கட்டையில் தச்சன் செதுக்கிய நான்கு கால்கள், அவற்றில் பிசின் வைத்து ஒட்டிய காசிநாதனின் சலூன் கண்ணாடித் துண்டுகள் நான்கு. விளிம்பில் பக்கிரிசாமி கண்ணில் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். கண்ணாடியில் குனிந்திருந்தவள் அஞ்சலை.

தையல்நாயகி சேற்றுக் காலோடு ஏறி வந்தாள்.

"யாரது? புதுக் காலா இருக்கு" என்றாள் அஞ்சலை, கண்ணை எடுக்காமல்.

"நாந்தான் அஞ்சலை."

"வாங்கம்மா, வாங்க." குரலில் சிரிப்பு வந்தது, தலை நிமிரவில்லை. "செத்த இருங்க, என் முற இன்னும் முடியல."

"நான் வேணா ஒரு முறை பாக்கட்டுமா?"

"பதினோரு பேரு இருக்கோம். நீங்க சும்மா இருங்க. கண்ணெல்லாம் செவந்து கெடக்கும், கொரல்லயே தெரியுது."

வேறென்ன செய்வதென்று தெரியாமல் தையல்நாயகி மேசைக்குப் பக்கத்தில் விரித்திருந்த கோரைப்பாயில் உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். முதுகுக்கு அடியில் மேடு கெட்டியாக இருந்தது. நடுப்பகல். யாரோ ஒரு பெண் பதினைந்துவரை நிதானமாக எண்ணினாள். பதினைந்து முடிவதற்குள் படக்காரம்மா கண்ணை மூடித் தூங்கிப் போயிருந்தாள்.